வாழைப்பழம் தின்றால் உதடு தடிக்கிறது: மருந்தா, மரப்பாலா?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் ரப்பர். இளமரங்களுக்கு நடுவே பெராங்கான் வாழை போட்டிருக்கிறேன். பழைய மரங்களில் என் மனைவிதான் பல வருடமாகப் பால் வெட்டுகிறார். கொஞ்ச நாளாக, பழம் தின்றதும் அவருக்கு மட்டும் உதடு தடித்துத் தொண்டை அரிக்கிறது. பிசாங் கோரேங் (பொரித்த வாழைப்பழம்) தின்றால் ஒன்றுமில்லை. நான் அடித்த பூஞ்சாண மருந்தா காரணம்? வாழையை அழித்துவிடட்டுமா?

பதில்: அழிக்க வேண்டாம் ஐயா. அதே தாரில் நீங்களும் பிள்ளைகளும் தின்கிறீர்கள், அவருக்கு மட்டும்தான் தடிக்கிறது. அதனால் மருந்தின் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. மரப்பால் பட்டாலும், ரப்பர் கையுறை போட்டாலும், பலூன் ஊதினாலும் அவருக்கு அரிக்கிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் இது ரப்பர் பால் ஒவ்வாமையின் தொடர்ச்சியாக இருக்கலாம்.

பூஞ்சாணத்தின் செல் சுவரில் கைட்டின் என்ற பொருள் உண்டு. அதைப் பிடிக்க ரப்பர் பாலில் ஹெவின் என்ற சின்னப் புரதம் இருக்கிறது, 43 அமினோ அமிலம்தான். பட்டையைச் சீவிய இடத்தில் பால் உறைந்து காயத்தை மூடுகிறதே, அதிலும் இதற்குப் பங்குண்டு. வாழைப்பழத்திலோ கைட்டினை வெட்டும் கைட்டினேஸ் புரதம். அதன் தலைப்பகுதி ஏறக்குறைய ஹெவின் மாதிரியே இருக்கும். பாலில் ஹெவினைப் பகையாக்கிக்கொண்ட உடம்பு, பழத்திலும் அதே முகத்தைக் கண்டு சீறுகிறது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு பழம் ஒத்துக்கொள்வதில்லை. அவகாடோ, கிவி, பப்பாளி எல்லாம் இந்தப் பட்டியலில் உண்டு.

சூட்டில் கைட்டினேஸ் குலைந்துபோகும். பொரித்தது ஒத்துக்கொள்வதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். ஆனாலும் வீட்டில் தின்று பார்த்துச் சோதிக்காதீர்கள். எத்திலீன் வாயுவில் பழுக்கவைத்த கடைப் பழத்தில் இந்தப் புரதம் அதிகமாக இருக்கலாம், எனவே அதையும் தொட வேண்டாம். ரகம் மாற்றுவதும் தீர்வல்ல. பூஞ்சாணத்தோடு போராடாத வாழை ஏது?

கையில் வெறும் எரிச்சலும் வெடிப்பும் மட்டும் என்றால், பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் அமிலமும் காரணமாகலாம். அது வேறு கதை.

கிளினிக்கில் ரப்பர் பால், பழம் இரண்டையும் சேர்த்துச் சொல்லி ஒவ்வாமைப் பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள். பல் மருத்துவரிடமும் அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் "எனக்கு ரப்பர் ஆகாது" என்று அவர் கட்டாயம் சொல்ல வேண்டும், அங்கே கையுறை நேரே உடம்புக்குள் படும். மூச்சு இழுத்தாலோ மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

முடிவு வரும்வரை பால் வெட்டை நீங்களோ வேறு ஆளோ பார்த்துக்கொள்ளுங்கள். பால் பிடிக்கும் கோப்பையைக்கூட அவர் தொட வேண்டாம். வீட்டு வேலைக்கு, ரப்பர் பால் கலக்காத நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடுங்கள். வாழைத்தார் வழக்கம்போலச் சந்தைக்குப் போகட்டும்.