மூச்சுத் திணறும் வாத்துக்குக் கடைப் பொடி வேண்டாம்

கேள்வி: பெரும்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஏரிக்கரையில் ஒரு ஊசிவால் வாத்து இரண்டு நாளாகப் பறக்கவில்லை. வாயைத் திறந்தபடி மூச்சு வாங்குகிறது. பறவைக் கடைக்காரர் ஒருவர் பூஞ்சைத் தொற்று என்று சொல்லி, தண்ணீரில் கலக்க ஒரு பொடி தந்தார். கொடுக்கலாமா? வீட்டுக் கோழிகளுக்குத் தொற்றுமா?

பதில்: அந்தப் பொடியைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கடைகளில் இப்படிக் கையில் திணிப்பது பெரும்பாலும் டெட்ராசைக்ளின் மாதிரியான ஆன்டிபயாடிக். அது பாக்டீரியாவுக்கான மருந்து, பூஞ்சையை ஒன்றும் செய்யாது. நாள்கணக்கில் கொடுத்தால் பூஞ்சைக்குத்தான் வசதி. பறவையைப் பார்க்காமலே நோயையும் சொல்லி மருந்தையும் விற்பவரை எப்படி நம்புவது? அடுத்து, “நானே பிடித்துப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், வண்டிச் செலவு மட்டும் கொடுங்கள்” என்று யாராவது வருவார்கள். விடாதீர்கள். காட்டுப் பறவையைப் பிடித்து வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்புறம் அந்த வாத்து எந்தக் கூண்டுக்கு, எந்தச் சட்டிக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நீர்ப்பறவைகளுக்கு வரும் பூஞ்சை நோய்களில் முக்கியமானது ஆஸ்பர்ஜில்லோசிஸ். ஈர வைக்கோல், கெட்ட தானியம், பூசணம் பூத்த ரொட்டி ஆகியவற்றிலிருந்து கிளம்பும் பூஞ்சை வித்துகள் மூச்சோடு உள்ளே போய், நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் வளரும். வெகுதூரம் பறந்து இளைத்த பறவை எளிதில் மாட்டிக்கொள்ளும். மூச்சுத் திணறல் வெளியே தெரியும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இட்ராகோனசோல் போன்ற மருந்தை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். காட்டுப் பறவை பிழைப்பது அரிது.

இந்த நோய் பறவைக்குப் பறவை தொற்றாது. ஆனால் இது பூஞ்சைதான் என்று கரையில் நின்று நானும் சொல்ல முடியாது, கடைக்காரரும் சொல்ல முடியாது. பறவைக் காய்ச்சலிலும் மூச்சு வாங்கும். அது கோழிக்கு வரும், மனிதருக்கும் வரக்கூடும். ஆகவே பரிசோதனை முடியும்வரை அதுதான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொடாதீர்கள். குழந்தைகளையும் நாயையும் கிட்டே விடாதீர்கள். ஏரிக்கரையில் நடந்த செருப்போடு கோழிக்கூட்டுக்குள் போகாதீர்கள்.

கிண்டியில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், கால்நடைத் துறைக்கும் சொல்லுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால் எழுத்தில் கொடுங்கள். உங்கள் பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவித்தாயிற்று. ஒரு நோயுற்ற வாத்துக்காக ஒரு குடிமகன் ஏன் இத்தனை கதவு தட்ட வேண்டும்? வாத்து இறந்துவிட்டால் புதைக்காதீர்கள், பிரேதப் பரிசோதனை கேளுங்கள். அப்போதுதான் காரணம் தெரியும். அதுவரை குடியிருப்பில் யாரும் மிச்ச ரொட்டியையும் பழைய தீவனத்தையும் ஏரியில் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.