துரத்தப்படும் மீனைப் பாருங்கள்: மலைப்பக்கத்து வாசகர்களின் கேள்விகள்

பனி விலகத் தொடங்கியதும் தொட்டி மீன்களைப் பற்றிய கேள்விகள் கூடிவிட்டன. இந்த முறை பெரும்பாலும் ஒரே கவலைதான்: கூட்டமாக நீந்த வேண்டிய மீன்கள் ஒன்றையொன்று விரட்டுகின்றன. அவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: 2 அடித் தொட்டியில் ஐந்து டைகர் பார்ப் இருக்கின்றன. பெரியது ஒன்று நாள் முழுக்க மற்றவற்றை விரட்டுகிறது. அதைத் தனியே எடுத்துவிடலாமா? மறைவுக்குத் தேயிலை வேர் போடலாமா? (குன்னூர்)

இப்போதைக்கு எடுக்க வேண்டாம். விரட்டுகிற மீன்தான் நம் கண்ணில் படும். ஆனால் தொட்டியின் நிலைமையைத் தெரிந்துகொள்ள விரட்டப்படுகிற மீனைத்தான் பார்க்க வேண்டும். இன்று மாலை தீனி போடும்போது பத்து நிமிடம் தொட்டி முன்னால் உட்காருங்கள். விரட்டு வாங்கிய மீன் உடனே கூட்டத்துக்குத் திரும்பித் தீனிக்கு முந்துகிறதா? கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக இருக்கின்றனவா? வால் கிழியாமல் இருக்கிறதா? அப்படியானால் பயமில்லை, அது அவற்றின் அன்றாடம்.

கோழி வளர்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எது எதைக் கொத்தலாம் என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே அதை 1920களின் தொடக்கத்தில் எழுதி வைத்தார். டைகர் பார்ப்புகளும் அப்படித்தான் இடம் பிடிக்கின்றன. இரண்டு மீன்கள் துடுப்பை விறைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்று சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றையொன்று அளந்து பார்க்கின்றன. ஒன்று ஒதுங்கிக்கொண்டால் அதோடு முடிந்தது.

அதே மீன் தினமும் ஹீட்டருக்குப் பின்னாலோ மேல் மூலையிலோ ஒண்டிக்கிடந்து, பட்டை வெளுத்து, தீனிக்கும் வராமல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. அடிபடுகிற அந்த மீனை உடனே பிரித்து, தேறும்வரை வேறு தொட்டியில் வையுங்கள்.

உங்கள் தொட்டியில் உண்மையான குறை எண்ணிக்கை. ஐந்து மீன் என்றால் பெரியதற்குக் கீழே நாலுதான், எல்லா அடியும் கடைசி மீன் மேல் விழும். பத்து இருந்தால் விரட்டல் பல பக்கம் சிதறிவிடும், ஒரே மீனைக் குறிவைத்துத் துரத்த முடியாது. ஆனால் பத்து பார்ப்புக்கு 2 அடி போதாது, 3 அடித் தொட்டி வேண்டும். புதிய ஐந்தையும் மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்து நோய் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, ஐந்தையும் ஒரே நாளில் விடுங்கள். ஒவ்வொன்றாக விட்டால் வருகிற ஒவ்வொரு மீனும் தனியாக மாட்டிக்கொள்ளும்.

தேயிலை வேர் நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கிறது, பார்க்கவும் அழகு. ஆனால் வருடக்கணக்கில் மருந்தடித்த தோட்டத்துச் செடியாக இருக்கலாம். எங்கே பிடுங்கியது என்று தெரியாத வேரை நான் தொட்டியில் போடமாட்டேன். உருண்டைக் கற்களும் அடர்ந்த வாலிஸ்நேரியா நீர்ச்செடியும் போதும்.

கேள்வி: ஜீப்ரா டேனியோக்கள் காலையில் மட்டும் கண்மண் தெரியாமல் துரத்துகின்றன. பத்து மணிக்குள் அடங்கிவிடுகின்றன. சண்டையா? (கோத்தகிரி)

முட்டையிடும் ஆட்டம். ஜீப்ரா டேனியோ விடிந்து வெளிச்சம் வந்ததும் முட்டையிடும் மீன். ஒல்லியாக, பொன்னிறம் ஓடியது ஆண். வயிறு உருண்டது பெண். ஆண்கள் பெண்ணைத் துரத்துகின்றன என்றால் விட்டுவிடுங்கள். தரையில் கூழாங்கல் பரப்பினால் முட்டைகள் இடுக்கில் விழுந்து கொஞ்சம் தப்பும். இல்லையென்றால் இட்டவையே தின்றுவிடும். காலை முடிந்தபின்னும் ஓர் ஆண் இன்னோர் ஆணைத் தீனியிடம் அண்ட விடாமல் விரட்டினால் மட்டும் மேலே டைகர் பார்ப்புக்குச் சொன்ன கணக்குக்கு வாருங்கள்.

கேள்வி: செர்பே டெட்ரா எட்டு வளர்க்கிறேன். மார்கழியில் ஹீட்டர் பழுதாகி ஒரு வாரம் சும்மா இருந்தது. அப்போது மீன்கள் அவ்வளவு அமைதி! புது ஹீட்டர் போட்டதும் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கின்றன. சூட்டைக் குறைத்துவிடலாமா? (ஊட்டி)

தயவுசெய்து குறைக்காதீர்கள். நீங்கள் பார்த்தது அமைதி இல்லை, குளிர். மீனுக்குத் தண்ணீரின் சூடுதான் உடம்புச் சூடு. ஊட்டிக் குளிரில் அமேசான் பக்கத்து மீனுக்கு விரட்டவும் தெம்பில்லை, தின்னவும் தெம்பில்லை. அந்த நிலை நீடித்தால் நோய் வரும். 24 டிகிரியில் நிறுத்துங்கள். செர்பே டெட்ரா தீனி நேரத்தில்தான் அதிகம் கடிக்கும், அதனால் ஒரே இடத்தில் கொட்டாமல் தொட்டியின் இரண்டு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

ஊட்டிக்காரர்களுக்கு இன்னொன்று. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். அதனால் ஒரே சூட்டில் நம் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் ஆக்சிஜனும் சென்னைத் தண்ணீரைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. சாதாரணமாக நம் குளிர்ந்த தண்ணீர் அதை ஈடுகட்டிவிடும். ஹீட்டர் போட்டதும் அந்த லாபம் போய்விடுகிறது. சென்னைக் கொளத்தூர் மீன் கடைக்காரர் சொன்ன மீன் எண்ணிக்கையை அப்படியே இங்கே வைக்காதீர்கள். ஏர் பம்பை இரவிலும் ஓட விடுங்கள். எல்லா மீனும் மேலே வந்து வாய் திறந்தால் காற்றுக் குறை. ஒன்று மட்டும் மேல் மூலையில் நின்றால் அதை யாரோ விரட்டுகிறார்கள்.

கேள்வி: வராந்தா தொட்டியில் நாலு கோல்டு ஃபிஷ். மாசி பிறந்ததிலிருந்து இரண்டு சேர்ந்து ஒன்றை வயிற்றில் முட்டி முட்டித் துரத்துகின்றன. துரத்துபவற்றின் செவுளில் வெள்ளைப் புள்ளிகள். மருந்து ஊற்றவா? (ஊட்டி)

மருந்து பாட்டிலை மூடி வையுங்கள். குளிர் குறைந்து தண்ணீர் சூடேறும்போது கோல்டு ஃபிஷ் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும். அப்போது ஆணின் செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் உப்புக்கல் பதித்ததுபோல வரிசையாகப் புள்ளிகள் வரும். வெள்ளைப் புள்ளி நோய் என்றால் உடம்பு, வால் என்று கண்ட இடத்தில் தெளித்த மாதிரி இருக்கும், மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கும்.

ஆனால் அந்தப் பெண் மீனை நினைத்து எனக்குக் கவலை. நாலு மீனில் இரண்டு ஆண்கள் விடாமல் துரத்தினால் அது களைத்துப்போகும், செதில் உதிரும். ஓட்டை போட்ட தடுப்பு ஒன்றை நடுவில் செருகி, அதற்கு இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: நியான் டெட்ராக்கள் வாங்கிய புதிதில் ஒரே கூட்டமாகப் போயின. இப்போது ஆளுக்கொரு பக்கம் திரிகின்றன. ஏதாவது கோளாறா? (கொடைக்கானல்)

பழகிவிட்டன, அவ்வளவுதான். நெருக்கிக்கொண்டு நீந்துவது பெரும்பாலும் பயத்தில்தான். வத்தலகுண்டிலிருந்து மலைப்பாதை முழுக்கக் கவரில் குலுங்கி வந்த மீன் வேறெப்படி நீந்தும்? இனி ஒரு நாள் திடீரென்று எல்லாம் ஒரு மூலையில் திரண்டால் உடனே கவனியுங்கள். அடிபட்ட மீனின் தோலிலிருந்து கசியும் ஒரு பொருள் கூட்டத்தையே மிரட்டிவிடும் என்று விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1938இல் எழுதினார். அவர் பார்த்தது மின்னோ என்ற சிறிய நன்னீர் மீன்களை. டெட்ராக்களுக்கும் அது உண்டு.

கேள்வி: முரட்டு மீனை எடுத்தேன், இரண்டாவது மீன் முரடாகிவிட்டது. எடுத்ததைக் கொடைக்கானல் ஏரியில் விடலாமா? (பெருமாள்மலை)

காலியான முதலிடத்துக்கு அடுத்தது ஏறியிருக்கிறது. எடுத்த மீனை ஒரு வாரம் தனியே வைத்து, தொட்டியின் அமைப்பை மாற்றித் திரும்ப விடுங்கள். பழைய எல்லை அதற்கு இருக்காது, பல சமயம் அடங்கிப்போகும்.

ஏரியில் மட்டும் விடாதீர்கள். வெப்ப நாட்டு மீன் என்றால் குளிரில் செத்துப்போகும். கோல்டு ஃபிஷ் மாதிரி குளிர் தாங்குவது என்றால் பெருகும், தொட்டி நோயையும் கொண்டுபோகும். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக இறங்குகிறது, மீனும் அதோடு கீழே உள்ள ஓடைகளுக்குப் போய்விடும். வைத்திருக்க முடியாவிட்டால் வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள். பணம் தராவிட்டாலும் மீனைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.