பாட்டுக்காகப் பிள்ளையா, பிள்ளைக்காகப் பாட்டா? பள்ளி இசை வகுப்பும் இசை நாடகமும்: கேள்வி பதில்

26 ஆண்டுகளாகக் கத்தோலிக்கப் பள்ளிகளில் இசை கற்பித்துவருகிறேன். ஞாயிறு திருப்பலிக்கு (பூசைக்கு) பிள்ளைகளின் பாடகர் குழுவை நடத்துவதும், ஆண்டுக்கு ஒரு இசை நாடகத்தை மேடையேற்றுவதும் அந்த வேலையிலேயே அடக்கம். வந்த கேள்விகளில் ஏறக்குறைய பாதி ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன: பிள்ளைக்கு மேல் சுரம் எட்டவில்லை. அதற்கு ஒரு முறைதான் விரிவாகப் பதில் சொல்வேன்.

கேள்வி (ஆறாம் வகுப்பு மாணவியின் தந்தை): வாரத்துக்கு இரண்டு இசை வகுப்பு வைக்கிறார்கள். அந்த நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் உருப்படியாக இருக்குமே? கத்தோலிக்கப் பள்ளியில் இசைக்கு ஏன் இத்தனை இடம்?

பதில்: இசை எங்கள் பள்ளிகளில் ஒட்டுப்போட்ட பாடமல்ல. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 115ஆம் பத்தியைப் பாருங்கள். குருமடங்களிலும் துறவற இல்லங்களிலும் மட்டுமல்ல, மற்றக் கத்தோலிக்க நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் இசை கற்பிப்பதற்குப் பெரிதும் முக்கியத்துவம் தர வேண்டும் என்று அது சொல்கிறது.

இன்னும் பின்னால் போகலாம். பதினோராம் நூற்றாண்டில், இத்தாலியின் அரெத்சோ நகரக் கதீட்ரலில் குய்தோ என்ற துறவி பாடகர்களைப் பழக்கிவந்தார். ஒவ்வொரு பாட்டையும் ஆசிரியர் பாட, கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வதுதான் அன்றைய வழக்கம். பத்தாண்டு பாடுபட்டாலும் அரைகுறையாகத்தான் தேறினார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். திருமுழுக்கு யோவானைப் போற்றும் ஒரு லத்தீன் பாடலை அவர் கையில் எடுத்தார். அதன் முதல் ஆறு சொற்றொடர்களில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும். அந்தத் தொடக்க அசைகளே உத், ரே, மி, ஃபா, சோல், லா. பின்னாளில் 'உத்' மாறி 'தோ' ஆயிற்று. இதுவரை கேட்டறியாத பாட்டையும் பிள்ளைகள் ஏட்டைப் பார்த்தே பாட வழி பிறந்தது. பத்தாண்டுப் பாடம் ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில் முடிந்தது என்கிறார் குய்தோ.

உங்கள் மகள் வகுப்பில் 'தோ ரே மி' பாடும்போது கற்றுக்கொள்வது இதைத்தான்: யாரும் பாடிக் காட்டாத ஒன்றைக் கண்ணால் படித்து, மனதுக்குள் கேட்டு, வாயால் சொல்வது. கணக்கை வேறு மணியில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு மணியை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி (புதிதாகச் சேர்ந்த இசை ஆசிரியர்): முதல் இசை நாடகம் போடப்போகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உரிமத்திலிருந்து. பிறர் எழுதிய இசை நாடகம் என்றால், பாத்திரத் தேர்வை அறிவிப்பதற்கு முன்பே மேடையேற்றும் உரிமத்தைக் கையில் வாங்கிவிடுங்கள். 'பள்ளிதானே, இலவசம்தானே' என்ற நினைப்பு வேண்டாம். வசனத்தை மாற்ற, ஒளிப்பதிவு செய்து இணையத்தில் ஏற்ற எல்லாவற்றுக்கும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டியிருக்கும். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த பிறகு 'அனுமதி இல்லை' என்று கடிதம் வந்தால், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

அடுத்தது அளவு. இன்று இரண்டு மணி நேரத்துக்கு ஓடும் 'ஜோசஃப் அண்ட் தி அமேசிங் டெக்னிகலர் டிரீம்கோட்' என்ற இசை நாடகம், 1968 மார்ச் 1 அன்று லண்டனில் ஒரு பள்ளியில் முதலில் அரங்கேறியபோது சுமார் 15 நிமிடம்தான். முதல் ஆண்டிலேயே முழு நீள நாடகத்தில் காலை விடாதீர்கள். நாற்பது நிமிடம் போதும்.

மூன்றாவது, பிள்ளைகளின் குரலைக் கேட்ட பிறகு சுருதியை முடிவு செய்யுங்கள். அச்சிட்ட தாளில் இருக்கும் சுருதி பெரும்பாலும் தொழில்முறைப் பாடகர்களுக்கானது. ஆசிரியர் இறங்க வேண்டும், பிள்ளை ஏறக்கூடாது.

கேள்வி (பள்ளி நிர்வாகி): எங்களுக்கு அரங்கம் இல்லை. ஆலயத்துக்குள்ளேயே டிக்கெட் வைத்து நடத்தலாமா?

பதில்: டிக்கெட் வைத்துக் கூடாது. ஆலயங்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகள் குறித்து வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் 1987 நவம்பர் 5 அன்று அனுப்பிய கடிதம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நுழைவு இலவசமாக, எல்லோருக்கும் திறந்ததாக இருக்க வேண்டும். மறைமாவட்டத் தலைமையிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். பீடம், வாசக மேடை, குருவின் இருக்கை மூன்றுக்கும் உரிய மதிப்புத் தர வேண்டும். பாடுகிறவர்கள் பீட முற்றத்தில் நிற்கக் கூடாது. நற்கருணையை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தை) கூடுமானவரை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். அந்தக் கடிதம் பேசுவதும் புனித இசை, சமய இசை நிகழ்ச்சிகளைப் பற்றித்தான். வேடம் கட்டி ஆடும் நாடகத்துக்குப் பள்ளி முற்றத்தில் பந்தல் போடுங்கள்.

கேள்வி: மகனுக்குக் கிட்டார் வாங்க வேண்டும். எது நல்லது?

பதில்: என் துறை குரல். கிட்டார் ஆசிரியர் ஒருவரிடம் பையனையே அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். கையின் அளவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கேள்வி: குரல் இனிமையாக என்ன குடிக்கக் கொடுக்கலாம்?

பதில்: தண்ணீர், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. குடிப்பது எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாய் வழியாகப் போய்விடுகிறது. உடம்பில் ஈரம் இருந்தால் நாண்களிலும் இருக்கும், அவ்வளவுதான்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவியின் தாய்): மகள்தான் நாடகத்தின் முதன்மைப் பாத்திரம். மேல் சுரங்கள் எட்டவில்லை. தினமும் கூடுதலாக ஒரு மணி நேரம் பாடவைத்தால் எட்டிவிடுமா?

பதில்: கூடுதல் நேரம் வேண்டாம். ஒரு பிள்ளை நடு 'ஏ' சுரத்தைப் பிடிக்கும்போது அவள் குரல் நாண்கள் ஒரு நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. எட்டாத சுரத்துக்குக் கழுத்தை இறுக்கினால் அதே மோதல் இன்னும் பலமாக நடக்கும். இதை ஒரு மணி நேரம் கூட்டினால் மிஞ்சுவது கரகரப்புத்தான். பாட்டை ஒரு கட்டையோ இரண்டு கட்டையோ இறக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். அது பிள்ளையின் தோல்வியல்ல, வழக்கமான நடைமுறை. கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் மகளுக்கும் மேல் சுரம் வரவில்லை. என்ன பயிற்சி?

பதில்: மேலே சொன்னதுதான். சுருதியை இறக்குங்கள்.

கேள்வி (வகுப்பாசிரியை): ஒரு பையனுக்குச் சுருதியே சேரவில்லை. நிகழ்ச்சியன்று வாயை மட்டும் அசைக்கச் சொல்லலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தச் சொல்லைப் பத்து வயதில் கேட்டு, அறுபது வயதிலும் ஆலயத்தில் வாய் திறக்காத பெரியவர்களை எனக்குத் தெரியும். அவனைத் தனியே அழைத்து, தோன்றிய ஒரு சுரத்தைப் பாடச் சொல்லுங்கள். அது எதுவாக இருந்தாலும் அதே சுரத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டு குரலும் ஒன்றாகும்போது அவன் முகம் மாறுவதைக் காண்பீர்கள். சுருதி சேர்வது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு முதன்முறையாகத் தெரிகிறது. பிறகு படிப்படியாக அவனைக் கூட்டிக்கொண்டு ஏறுங்கள்.

கேள்வி (பாடகர் குழுப் பொறுப்பாளர்): நாடகத்தின் முடிவுப் பாடலுக்கு அரங்கமே எழுந்து நின்றது. ஆண்டு நிறைவுத் திருப்பலியில் அதையே நற்கருணைப் பாடலாகப் பாடப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். பாடலாமா?

பதில்: வேண்டாம். வழிபாட்டில் பாடும் வரிகள் திருச்சபையின் போதனைக்கு ஒத்தவையாக, முதன்மையாகத் திருநூலிலிருந்தும் வழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுத்தவையாக இருக்க வேண்டும் என்கிறது முன்பு சொன்ன திருவழிபாட்டு ஏட்டின் 121ஆம் பத்தி. மேடையில் 'நான்' என்று பாடினால் அது பாத்திரத்தின் 'நான்'. நற்கருணை வாங்கப் போகும்போது பாடும் 'நான்' அந்தப் பிள்ளையே. இரண்டையும் கலக்கக் கூடாது.

கேள்வி (ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்): நாடகமே ஆலயத்தில் பிறந்ததுதானே அம்மா? உயிர்ப்பு விழாவில் (ஈஸ்டரில்) துறவிகள் இயேசுவின் கல்லறைக் காட்சியை நடித்துப் பாடவில்லையா?

பதில்: ஐயா, நான் மிகவும் நேசிக்கும் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டீர்கள். பத்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் துறவிகளுக்காக எழுதிய ஒழுங்குமுறையில் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் கையில் குருத்தோலையுடன் கல்லறையருகே அமைதியாக உட்கார்ந்திருப்பார். மூவர் தூபக் கலசங்களுடன், எதையோ தேடுகிறவர்கள்போல் தயங்கித் தயங்கி வருவார்கள். 'யாரைத் தேடுகிறீர்கள்?' என்று அவர் மெல்லப் பாடுவார். எல்லாம் முடிந்ததும் 'தே தேயும்' என்ற நன்றிப் பாடல் எழும், மணிகள் ஒலிக்கும்.

ஆனால் கவனியுங்கள்: அந்தக் கேள்வியின் கரு நற்செய்தியிலிருந்து வந்தது. காட்சி நன்றிப் பாடலில் கரைந்தது. யாரும் கைதட்டலுக்கு நிற்கவில்லை. அது நடிப்பின் உருவில் வந்த செபம். நாடகத்தில் கைதட்டல் வாங்கிய பாட்டைத் திருப்பலிக்குள் கொண்டுவருவது வேறு.

கேள்வி (இளையோர் குழு வழிகாட்டி): அப்படியென்றால் லத்தீன் பாட்டை மட்டும் பாடிப் பிள்ளைகளை ஆலயத்திலிருந்து விரட்டிவிடுங்கள். அவர்களுக்குப் பிடித்ததைப் பாடவிட்டால்தானே வருவார்கள்?

பதில்: நான் சொல்லாததைச் சொன்னதாக்காதீர்கள். பழைய லத்தீன் வழிபாட்டு இசையான கிரகோரியன் பாடலுக்கு முதலிடம் தரும், திருவழிபாட்டு ஏட்டின் 116ஆம் பத்தியே மற்ற வகைப் புனித இசையை விலக்கவில்லை. வழிபாட்டுக்குத் தகுந்த மற்ற இசைக்கருவிகளுக்கும் 120ஆம் பத்தி இடம் தருகிறது. எது பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதை நாமே முடிவுகட்டிவிடுவதுதான் என்னை வருத்துகிறது. சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்புக்கு 'கீரியே எலெய்சோன்' ('ஆண்டவரே, இரக்கமாயிரும்' என்ற மன்றாட்டு) ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். இருபது நிமிடப் பாடம். மறுநாள் காலை வகுப்புக்குள் நுழையும்போது, கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்த சிறுவன் துணியின் இழுப்புக்கு ஏற்ப அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கேள்வி (அதே பாடகர் குழுப் பொறுப்பாளர்): நான் ஒன்றைச் சொல்ல மறந்தேன். எங்கள் நாடகம் தாவீதைப் பற்றியது, நாங்களே எழுதியது. முடிவுப் பாடலின் வரிகள் விவிலியத்தின் 23ஆம் திருப்பாடல்தான்.

பதில்: அப்படியானால் என் பதில் மாறுகிறது. நான் சொன்ன 'நான்' இங்கே தாவீதின் 'நான்' மட்டுமல்ல, அதைச் செபிக்கும் எல்லோருடையதும்கூட. முதல் வாசகத்துக்குப் பின் பாடும் பதிலுரைப் பாடலாக வேண்டாம், அதற்குரிய வடிவம் வாசக நூலில் இருக்கிறது. நற்கருணைப் பாடலாக, பங்குத்தந்தையிடம் வரிகளைக் காட்டி, அவர் இசைந்தால் பாடுங்கள். நடனத்துக்காக நடுவில் வைத்த தாள வாத்தியப் பகுதியை எடுத்துவிடுங்கள். பல்லவியைச் சபை முழுவதும் பாடும் அளவுக்குச் சுருதியை இறக்குங்கள்.

கேள்வி (மாணவி): எங்கள் நாடகத்தில் நான்தான் தனிப்பாடல் பாடினேன் மிஸ். திருப்பலியில் பாடக் கூடாது என்றால் அது தாழ்ந்த பாட்டா?

பதில்: இல்லையம்மா. புனித தொன் போஸ்கோ தூரின் நகரில் ஏழைச் சிறுவர்களைக் கூட்டி வளர்த்தபோது அவர்களுக்கு ஆலயமும் இருந்தது, நாடக மேடையும் இருந்தது, பேண்டு வாத்தியமும் இருந்தது. மூன்றுமே அவருக்கு வேண்டியிருந்தன. உன் பாட்டு அதன் இடத்தில் உயர்ந்தது. நன்றாகப் பாடினாயா? அது போதும்.

இந்த விவாதத்தில் இன்னும் ஒன்பது கேள்விகள் வந்திருக்கின்றன. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், மற்றவற்றுக்குப் போகிறேன்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர் அல்ல. இசை வகுப்பில் திருப்பாடல்களை மகள் பாடித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வகுப்பில் அதை இசைப் பாடமாகப் படிக்கலாம். வழிபாட்டில் பாட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. சமய விஷயத்தில் எவரையும் வற்புறுத்தக் கூடாது என்று வத்திக்கான் சங்கமே 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட சமயச் சுதந்திர அறிக்கையில் சொல்லியிருக்கிறது. ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள்.

கேள்வி: நாடகத்தைத் தவக்காலத்தில் (உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்புக் காலத்தில்) வைக்கலாமா?

பதில்: தவக்காலத் திருப்பலியில் இசைக்கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம், தவக்காலத்தின் நடுவில் வரும் மகிழ்ச்சி ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாக. அந்த விதி பள்ளி மேடைக்கு இல்லை. ஆனால் புனித வாரம் முழுக்கப் பாடப்போவதும் இதே பிள்ளைகள்தான். அவர்களின் தொண்டையை நினைத்து, உயிர்ப்பு விழா முடிந்து மூன்று வாரம் கழித்து வையுங்கள்.

கேள்வி: உச்ச சுரம் எட்ட ஏதாவது வழி?

பதில்: ஏழாவது முறையாக: சுருதியை இறக்குங்கள்.

கேள்வி (பதின்மூன்று வயது மாணவனின் தாய்): நாடகத்துக்கு இன்னும் மூன்று வாரம். மகனுக்குத்தான் முதன்மைப் பாத்திரம். போன வாரத்திலிருந்து குரல் உடைகிறது. அழுகிறான். விலக்கிவிடட்டுமா?

பதில்: விலக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு இதே வயதில் ஒரு மாணவன் இருந்தான். ஒத்திகையில் குரல் பிளந்தபோதெல்லாம் 'இன்னும் ஒரு முறை' என்று பாடவைத்தேன். பாட்டை மாற்றத் தோன்றவே இல்லை, தாளில் இருந்த சுருதி அது. நிகழ்ச்சியன்று இரண்டாம் பாட்டின் நடுவில் குரல் நின்றது. அவன் திரைக்குப் பின்னால் வந்து, அட்டைக் கிரீடத்தைக் கழற்றாமல், இரண்டு விரலால் தொண்டையை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் பாடகர் குழுவுக்கு வரவில்லை. தவறு முழுக்க என்னுடையது.

உங்கள் மகனுக்கு நடப்பது நோயல்ல. குரல்வளை வளர்கிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, முடிவில் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். நடுவில் சில மாதம் சுகமாக வரும் சுரங்கள் ஐந்தோ ஆறோதான். அந்த ஐந்தாறு அவனுக்குச் சொந்தம்.

நாளைக் காலை அவனோடு நீங்களும் இசை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். அவன் இதமாகப் பாடும் மிகக் கீழ்ச் சுரத்தையும் மிக மேல் சுரத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டின் மெட்டை அந்த இரண்டுக்கும் நடுவில் மாற்றி எழுதட்டும். அதைத் தாண்டும் வரிகளை அவன் பேசட்டும், இல்லையென்றால் தோழர்கள் சேர்ந்து பாடட்டும். இதற்கு மூன்று வாரம் தாராளம். பிறருடைய நாடகம் என்றால், இந்த மாற்றத்துக்கு உரிமம் தந்தவர்களுக்கும் நாளைக்கே எழுதச் சொல்லுங்கள்.