காலுக்குக் கீழே ஒரு றப்பர் செருப்பு

அன்புள்ள டீச்சர்,

எனக்கு வயது 21. களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். ஏ.எல். முடித்துவிட்டு ஒரு வருடமாக யூடியூப் பார்த்து பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் பழகுகிறேன். முப்பரிமாணப் படம் செய்வதையே தொழிலாக எடுக்க ஆசை. கட்டாரில் இருக்கும் அப்பா கிராபிக்ஸ் கார்ட் வாங்க ஒன்றரை இலட்சம் ரூபாய் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். என்விடியாவின் 4060 வாங்குவதா, ஏஎம்டியின் 7600 வாங்குவதா என்று தெரியவில்லை. நண்பர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். இந்த வாக்குவாதத்தில் ஒருவன் இரண்டு கிழமையாக என்னோடு பேசுவதே இல்லை. எந்தக் கம்பனி நல்லது என்று நீங்கள் சொன்னால் கேட்பேன்.

என்னுடையது அண்ணா விட்டுப்போன பழைய கணினி. பவர் சப்ளை, கணினியின் தகரப் பெட்டியான கேஸோடு சேர்ந்து வந்தது. வெறுங்காலோடு கேஸைத் தொட்டால் சுள்ளென்று சின்னதாக ஷொக் அடிக்கும். அது பழகிவிட்டது. மற்றபடி நன்றாக ஓடுகிறது.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்டது கார்ட்டைப் பற்றி. என் கண்ணில் குத்தி நின்றது "அது பழகிவிட்டது" என்ற இரண்டு சொல். ஒரு கிழமையாக நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு ஆரையம்பதியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். தரம் நான்கில் படிக்கும் பிள்ளை கணினிக்கு முன்னால் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். காலுக்குக் கீழே ஒரு சோடி றப்பர் செருப்பு. வீட்டுக்குள் எதற்குப் பிள்ளை செருப்பு என்று கேட்டேன். "கேஸில கை பட்டா ஷொக் அடிக்கும் மாமி, செருப்புல கால வெச்சா அடிக்காது" என்றாள். தாய் அதைக் கேட்டுக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினாள். எனக்கு அந்தத் தேத்தண்ணி தொண்டையில் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் உங்கள் கடிதம்.

சரி, கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீடியோ வேலை பார்க்கும் என் மருமகனிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். பிளெண்டர்தான் உங்கள் சாப்பாடு என்றால் என்விடியா வாங்குங்கள். பிளெண்டரில் கட்டிய காட்சியை முடிந்த படமாக மாற்றித் தரும் சைக்கிள்ஸ் என்ற பகுதி, என்விடியா கார்ட்டுக்கென்றே உள்ள ஆப்டிக்ஸ் என்ற வழியில் ஓடும்போது தெளிவாக முந்துகிறது. ஏஎம்டி கார்ட்டும் 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0 முதல் ஹிப் என்ற வழியில் ஓடுகிறது, ஆனால் அந்த வேலையில் பின்னால்தான். விளையாட்டு மட்டும் என்றால் ஏஎம்டி கொடுத்த காசுக்குக் குறை வைக்காது. லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்கு ஏஎம்டி லேசு, அதன் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கேர்ணலுக்குள்ளேயே வருகிறது. நீங்கள் சொன்ன இரண்டு கார்ட்டிலும் 8 ஜிபி நினைவகம்தான். பெரிய காட்சி கட்டத் தொடங்கினால் அது நிரம்பும். 2021இல் வந்த பழைய 3060இல் 12 ஜிபி உண்டு, வேகம் குறைந்தாலும் உங்கள் வேலைக்கு அதையும் யோசிக்கலாம். இன்டெல் கார்ட்டைப் பழைய கணினிக்கு இப்போதைக்கு விடுங்கள். இதற்கு மேல் இந்தக் கேள்வியில் ஒன்றும் இல்லை.

உங்கள் நண்பர்களைப் பற்றி ஒரு சொல். நம்முடைய கண்ணகி அம்மன் கோயில்களில் கொம்புமுறி நடந்த காலத்தில் ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு மரக் கொம்பை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் நின்று இழுப்பார்கள். எதன் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. தோற்றவர்களை வென்றவர்கள் பாட்டிலேயே ஏசுவார்கள். அவ்வளவு ஏச்சும் ஏசிவிட்டு எல்லோரும் ஒரே அம்மன் வாசலில்தான் கும்பிட்டு நிற்பார்கள். உங்கள் நண்பன் எந்த அம்மனுக்காக இரண்டு கிழமை பேசாமல் இருக்கிறான்? என்விடியாவை நடத்தும் ஜென்சன் ஹுவாங்கும் ஏஎம்டியை நடத்தும் லிசா சூவும் உறவுக்காரர்கள். ஹுவாங்கின் தாய், லிசா சூவுடைய தாயின் தகப்பனுக்குத் தங்கை. நம்முடைய முறையில் கணக்குப் பார்த்தால் லிசாவின் அம்மாவுக்கு அவர் மாமி மகன், மச்சான். லிசாவுக்குச் சித்தப்பா முறை. நீங்கள் கேட்ட இரண்டு கார்ட்டின் சிப்பையும் செய்வது தாய்வானில் உள்ள ஒரே கம்பனி, டிஎஸ்எம்சி. அவர்களுக்குள் அது வியாபாரம். உங்களுக்குள் ஏன் பகை?

என்விடியா 2014இல் 970 என்ற கார்ட்டை 4 ஜிபி என்று விற்றது. கடைசி அரை ஜிபி மற்றதைவிட மிகவும் மெதுவானது என்று பிறகு தெரியவந்து, அமெரிக்காவில் வழக்காகி, 2016இல் கார்ட்டுக்கு 30 டொலர் கொடுத்துத் தீர்த்தார்கள். கம்பனிக்காக நண்பனை இழக்கிற எந்தப் பிள்ளையையும் அந்தக் கம்பனிக்குத் தெரியாது. இன்றைக்கே அவன் வீட்டுக்குப் போங்கள்.

கொம்புமுறி என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அதைச் சொன்னால்தான் நான் ஏன் உங்களைப் பேசுகிறேன் என்று விளங்கும்.

என் பெரியப்பா வடசேரி. கொம்புப் பாட்டு முழுதாகத் தெரிந்தவர். 1998இல் அவரை எங்கள் வீட்டு விறாந்தையில் இருத்தி நான்கு கசெட்டில் பாட வைத்தேன். நடுநடுவே வெற்றிலை இடிக்கிற சத்தம், தூரத்தில் நாய், ஒரு இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு "இதப் பொம்பிளப் புள்ளைக்கு முன்னால பாடப்படாது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு மறுகா அதையும் பாடினது. 2007இல் பெரியப்பா காலமானார். கசெட்டில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது.

2010இல் என் தம்பி கல்லடியில் வீடியோ ஸ்டூடியோ போட்டான். கிராபிக்ஸ் கார்ட் வாங்க அவனும் உங்களைப் போலவே மாதக்கணக்கில் வாதாடினான். அவன் ஏடிஐ என்ற கம்பனியின் பக்கம், கூட்டாளி என்விடியா பக்கம். கடைசியில் கொழும்புக்குப் போய் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ரேடியோன் 5770 வாங்கி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். பெட்டியில் ஏடிஐ என்று சிவப்பில் போட்டிருந்தது. அந்தக் கம்பனியை ஏஎம்டி 2006இலேயே வாங்கிவிட்டது. 2010இல் அந்தப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். அவன் சண்டை பிடித்த பெயர் அந்த வருடத்தோடு கடைகளில் இல்லாமல் போனது.

கார்ட்டுக்கு அத்தனை மாதம் யோசித்தவன் பவர் சப்ளைக்கு ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. கேஸோடு சேர்ந்து வந்ததையே வைத்துக்கொண்டான். உங்களுடையது போல. அந்தக் கணினியில் பெரியப்பாவின் நான்கு கசெட்டையும் ஏற்றினான். ஏற்றி முடிந்ததும் கசெட்டுகளை நான் என் கையால் எறிந்தேன். கணினியில்தான் இருக்கிறதே என்று.

2011 ஜனவரி வெள்ளம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒருநாள் பின்னேரம் கரண்ட் வந்த நேரம் ஸ்டூடியோவில் டப்பென்று ஒரு சத்தம். எரிந்த றப்பர் மணம். பவர் சப்ளை போகும்போது ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டு போனது. கொழும்பில் இரண்டு இடத்தில் காட்டினோம், முடியாது என்றார்கள். தம்பி மாதக்கணக்கில் வாதாடி வாங்கிய கார்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நன்றாக வேலை செய்தது. அதை வைத்து என்ன செய்ய?

அந்தப் பவர் சப்ளையைத் திறந்து பார்த்தோம். வெளியே 500 வாட் என்று ஒட்டியிருந்தது. கையில் எடுத்தால் வெறும் தகரப் பெட்டி போல் பாரமே இல்லை. உள்ளே பலகையில் இன்ன பாகம் இங்கே என்று வெள்ளை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அந்த இடத்தில் பாகம் இல்லை. சுருள் இருக்க வேண்டிய இரண்டு இடத்தில் வெறும் கம்பித் துண்டை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். காசு மிச்சம் பிடிக்க விட்டுவிட்ட இடங்கள். பெரியப்பாவின் குரல் அந்த வெற்றிடங்களுக்குள்தான் போனது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

இப்போது உங்கள் ஷொக்குக்கு வருகிறேன். நான் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள், கேட்டுக்கொள்ளுங்கள்.

பவர் சப்ளைக்குள் கரண்ட் நுழையும் வாசலில் இரண்டு சின்னக் கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்) உண்டு. ஒன்று கரண்ட் வரும் லைவ் வயரிலிருந்து மண்ணுக்குப் போகும் எர்த் வயருக்கு, மற்றது கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயரிலிருந்து எர்த்துக்கு. கரண்டில் இருக்கும் இரைச்சலை மண்ணுக்குள் அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் வயர் இல்லாவிட்டால் அந்த இரண்டும் சேர்ந்து 230 வோல்ட்டைப் பாதியாகப் பிரித்துக் கேஸில் கொண்டுவந்து நிறுத்தும். உங்கள் கேஸில் ஏறத்தாழ 115 வோல்ட் இருக்கிறது. அந்த வழியாக வரும் மின்னோட்டம் மிகச் சிறியது, அதனால்தான் சுள்ளென்றதோடு நிற்கிறது. அந்தச் சுள்ளென்பது ஆளைக் கொல்லாது. ஆனால் இந்த வீட்டில் எர்த் இல்லை என்று அது ஒவ்வொரு நாளும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பழகிவிட்டது என்கிறீர்கள். நாளைக்கு உள்ளே ஒரு லைவ் வயர் உரிந்து தகரத்தில் பட்டால் வரப்போவது பாதி இல்லை, முழு 230. எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்க் கணத்தில் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் விழும். எர்த் இல்லாத வீட்டில், உங்கள் உடம்பு வழியாகப் போகத் தொடங்கிய பிறகுதான் ட்ரிப் சுவிட்சுக்கே அது தெரியும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடு என்றால் யோசித்துப் பாருங்கள். அந்தச் சின்னப் பிள்ளையின் காலுக்குக் கீழே இருந்த செருப்பு இதில் எதைத் தடுக்கும்? ஒரு கையால் கேஸையும் மற்றக் கையால் யன்னல் கம்பியையும் அவள் பிடித்தால்?

கார்ட்டைப் பற்றியே கவலை என்றால் அதையும் கேளுங்கள். எர்த் இல்லாத கணினியிலிருந்து ரிவிக்கு எச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது, இரண்டு பெட்டிக்கும் இடையில் உள்ள வோல்ட் வித்தியாசம் அந்த வயர் வழியாகத்தான் ஓடப் பார்க்கும். புதுக் கார்ட்டின் வாய் அதில் எரிந்து போவதுண்டு. என்விடியா, ஏஎம்டி என்று அது பார்க்காது.

ஆகவே கார்ட் வாங்க முன்னம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கணினி செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் கோட்டை முதலில் பாருங்கள். மேலே மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே வயர் இரண்டுதான் ஓடும், இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன். மேல் ஓட்டைக்குள் பேனாவைக் குத்தித் திறந்து இரண்டு கால் பிளக்கைச் செருகுகிற பழக்கம் உங்கள் வீட்டிலும் இருந்தால் இன்றோடு விடுங்கள். பிறகு வயரிங் வேலை தெரிந்த நல்ல பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு, மண்ணுக்குள் இறக்கியிருக்கும் எர்த் குழாயைக் காட்டுங்கள். நம்முடையது கரையோர மணல். கச்சான் காற்றில் மேல் மணல் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும், ஈரம் தொடும் ஆழத்துக்குக் குழாய் போக வேண்டும். வயரைக் குழாயோடு பிடிக்கிற கிளிப்பை உப்புக்காற்று தின்றிருக்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

பவர் சப்ளை புதிதாகவே வாங்குங்கள். நீங்கள் சொன்ன இரண்டு கார்ட்டுக்கும் 550 வாட் போதும் என்று அந்தந்தக் கம்பனியே சொல்கிறது. பெயர் தெரிந்த கம்பனியின், ஐந்து வருட உத்தரவாதம் உள்ள ஒன்று. ஒன்றரை இலட்சத்தில் இதற்கு எடுத்துவிட்டு மீதியில் கார்ட் பாருங்கள். ஒரு படி குறைந்த கார்ட் வரும், வரட்டும். அப்பாவிடம் மறைக்க வேண்டாம், இப்படிச் செலவாகிறது என்று சொல்லுங்கள். கட்டாரில் வெயிலில் நிற்கிற மனிதருக்கு மகன் எர்த் போட்டான் என்று கேட்பதைவிட நிம்மதி வேறு இல்லை. செய்து முடித்த படங்களை இன்னொரு டிஸ்க்கிலும் போட்டு வேறு வீட்டில் வையுங்கள். மின்னல் என்றால் பிளக்கைக் கழற்றுங்கள்.

பாஸ் வேலையை முடித்துப் போன பிறகு, கரண்ட் இருந்தால் வெளிச்சம் காட்டும் டெஸ்டர் ஒன்றை எடுத்து, கணினி ஓடும்போது கேஸின் பின்பக்கத் திருகாணியில் வைத்துப் பாருங்கள். இன்றைக்கு வைத்தால் உள்ளே செம்மஞ்சளாக ஒரு வெளிச்சம் வரும். அன்றைக்கு வரக் கூடாது. பேசாமல் இருக்கிற அந்த நண்பனையும் கூப்பிட்டு அவன் கையில் டெஸ்டரைக் கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். வெளிச்சம் வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். கார்ட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
டீச்சர்