மதச்சார்பின்மைன்னா அரசு மதத்துல தலையிடவே கூடாதா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருது, கோயில் கணக்கை அரசு பாக்குதே அப்புறம் என்ன மதச்சார்பின்மைன்னு. ராஜீவ் பார்கவான்னு ஒரு அரசியல் தத்துவப் பேராசிரியர் இதுக்கு கொள்கையோட கூடிய இடைவெளின்னு பேர் வச்சார். எல்லா மதத்துக்கும் ஒரே அளவு தூரத்துல நிக்கணும்னு இல்ல, சுதந்திரமும் சமத்துவமும் காப்பாத்த கிட்ட போகணும்னா அரசு போகலாம், விலகணும்னா விலகலாம், அவ்ளோதான்.

காரைக்குடி பக்கம் பெரிய வீடு பாத்தவங்களுக்கு ஈஸியா புரியும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனி அடுப்பு, வளவுன்னு சொல்ற உள் முற்றம் மட்டும் எல்லாருக்கும் பொது. யார் அடுப்புல என்ன கொதிக்குதுன்னு வீட்டுப் பெரியவர் எட்டிப் பாக்க மாட்டார், ஆனா ஒரு மருமகளை வளவுல உக்கார விடலன்னு தெரிஞ்சா எந்திரிச்சு வந்து கேப்பார், கேக்கணும்.

ஏன் நம்ம நாட்டுக்கு இது தேவைப்பட்டுச்சுன்னா, இங்க கோயில் வாசல்லயே ஆளுங்களை நிறுத்தி வச்சிருந்தாங்க. 1947ல சென்னை மாகாணத்துல கோயில் நுழைவுச் சட்டம் வந்துதான் அந்தக் கதவு சட்டப்படி திறந்துச்சு, அரசு ஒதுங்கியே நின்னிருந்தா அது நடந்திருக்காது, இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். அரசியல் சட்டம் 25வது பிரிவும் இப்படித்தான், வழிபாட்டுச் சுதந்திரம் குடுத்துட்டு, பணம் சம்பந்தப்பட்ட நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தவும் இந்துக் கோயில்களை எல்லா சாதிக்கும் திறந்துவிடவும் அரசுக்கு இடம் வைக்குது.

மதச்சார்பற்றங்கற வார்த்தை முகப்புரையில 1976ல 42வது திருத்தத்துல வந்ததால கொள்கையே அப்பதான் வந்துச்சுன்னு சிலர் நினைக்கிறாங்க, அது தப்பு, 25வது பிரிவு 1950லேர்ந்தே இருக்கு.