காய்ச்சுவதும் குடிப்பதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரி பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். என் மகன் அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் வேலை பார்க்கிறான். போன வருடம் மூன்று மாதம் அவன் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். கார் நிறுத்தும் இடத்தில் பெரிய எவர்சில்வர் பானை, ரப்பர் குழாய், கண்ணாடிக் குடுவை என்று வைத்திருக்கிறான். சனிக்கிழமையானால் இரண்டு நண்பர்கள் வந்துவிடுகிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பீர் காய்ச்சுகிறார்கள். கடையில் கிடைக்கிற பொருளுக்கு எதற்கடா இந்தப் பாடு என்று கேட்டேன். "குடிக்கிறதுக்கு இல்லம்மா, செய்யறதுலதான் சந்தோஷம்" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் அப்பா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். குடித்துக் குடித்தே ஐம்பது வயதுக்குள் போய்விட்டார். எங்கள் ஊரில் ஒருவன் 'காய்ச்சுகிறான்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். மகன் சொல்வது உண்மையா? இவர்கள் செய்வதற்காகச் செய்கிறார்களா, குடிப்பதற்காகச் செய்கிறார்களா? நான் அவனிடம் என்ன பேசட்டும்?

ஒரு வாசகி, கோத்தகிரி

*

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் மகன் சொன்னது பெரும்பாலும் உண்மை என்று நினைக்கிறேன். 'பெரும்பாலும்' என்று ஏன் போட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல். நம் பக்கத்தில் காய்ச்சுவது என்றால் சாராயம்தான். ஊறல் போட்டு, அடுப்பில் ஏற்றி, ஆவியைக் குளிரவைத்து வடித்து எடுப்பது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். உங்கள் மகன் செய்வது அது இல்லை. பீரில் வடிப்பது கிடையாது, புளிக்க வைப்பது மட்டும்தான். நீங்கள் பார்த்தீர்களே, பானையில் கொதித்துக்கொண்டிருந்தது, அதில் அப்போது துளி போதை கூட இல்லை. அது வெறும் தானியச் சாறு. கொதித்து முடிந்து, நன்றாக ஆறிய பிறகுதான் ஈஸ்ட் போடுவார்கள். சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் ஆக்குகிற நுண்ணுயிர் அது. அதற்கப்புறம் அடுப்புக்கு வேலையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு நம்மிடம் முன்பு வேறு ஒரு சொல் இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்' என்று வருகிறது. வீட்டில் சமைத்த கள். அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு என்ற சொல்லில் இருக்கும் அதே 'அடு'. அந்தப் பாட்டில் இன்னோரிடத்தில் அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் ஆறவைத்து, புளிக்கவைப்பதற்கான நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பதை வரி வரியாகச் சொல்கிறார் புலவர். குடித்ததைப் பற்றி மட்டும் பாடிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்முறையில் நின்றுவிடுகிறார். ஆறவைக்கிற தட்டின் வாய் எப்படி இருந்தது என்பதுகூட அவருக்கு முக்கியமாக இருக்கிறது. உங்கள் மகனும் அவன் நண்பர்களும் சனிக்கிழமை முழுக்கப் பேசிக்கொண்டிருப்பது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

நான் இதை நேரில் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். அங்கே 1963 வரை வீட்டில் பீர் செய்ய லைசென்ஸ் வேண்டும். அந்த வருட பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து அது தோட்டவேலை மாதிரி ஒரு வீட்டுப் பழக்கமாகிவிட்டது. நண்பனுக்கு அக்கம்பக்கத்தாரிடமிருந்து தொற்றியிருந்தது.

காலையில் மால்ட்டை வெந்நீரில் போடுவான். மால்ட் என்றால் முளைகட்டிக் காயவைத்த பார்லி. நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து ராகி மால்ட் செய்கிறோமே, அதே வழிதான். வெந்நீர் 65 டிகிரி பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். முளையிலிருக்கும் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். 62, 63 டிகிரியில் நின்றால் பீர் லேசாக, இனிப்பே இல்லாமல் வரும். 69 வரை ஏறிவிட்டால் கனமாக, வாயில் இனிப்பு தங்குகிற மாதிரி வரும். ஆறேழு டிகிரியில் பொருளே மாறிவிடுகிறது. நண்பன் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு, பானைக்குக் கம்பளி சுற்றிக்கொண்டு நிற்பான். எனக்குக் குன்னூரில் எங்கள் அம்மா ஞாபகம் வந்தது. டிசம்பரில் இட்லி மாவு பொங்காது என்று பாத்திரத்துக்குச் சால்வை போர்த்தி, விறகடுப்பின் கதகதப்பில் வைத்துவிட்டு, ராத்திரி இரண்டு தடவை எழுந்து மூடியைத் திறந்து பார்ப்பார். உங்களுக்கும் இந்தப் பாடு தெரிந்திருக்கும். மலையில் மாவு புளிக்கவைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் உங்கள் மகன் படும் பாடு தெரியாத பாடு இல்லை. காலையில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அது இட்லி தின்னப்போகிற சந்தோஷமா? பசி அதில் இருக்கிறது. ஆனால் அது மட்டுமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் நாம் சொன்னபடி கேட்டிருக்கிறது.

நண்பனின் மூன்றாவது முயற்சியில் ஒரு விபத்து. நடுராத்திரி மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நான்கு பாட்டில்கள் வெடித்திருந்தன. சர்க்கரை முழுக்கத் தீர்வதற்கு முன்பே பாட்டிலில் அடைத்துவிட்டான். ஈஸ்ட் உள்ளேயே தன் வேலையைத் தொடர்ந்திருக்கிறது, வாயு போக வழியில்லை. சுவர் முழுக்க பீர், தரை முழுக்கக் கண்ணாடி. நான் துடைப்பம் தேடினேன். அவன் டார்ச்சும் நோட்டுப்புத்தகமும் எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். பாட்டிலில் அடைத்த அன்றைக்கு ஹைட்ரோமீட்டர் என்ன காட்டியது என்று தேடிக்கொண்டிருந்தான். பால் சொசைட்டியில் லாக்டோமீட்டர் பார்த்திருப்பீர்கள், அதே வகைக் கருவிதான். தண்ணீரை 1.000 என்று வைத்துச் சாற்றின் அடர்த்தியைக் காட்டும். சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும். ஆரம்பத்தில் 1.050 காட்டிய சாறு புளித்து முடிந்து 1.010க்கு வந்து நின்றால் ஆல்கஹால் ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே என்று கணக்கு. அவன் எழுதியிருந்தது 1.020. "அவசரப்பட்டுட்டேன்" என்றான். வீணான பீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த தடவை மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் வந்த பிறகுதான் பாட்டிலைத் தொட்டான். இவர்களை இழுப்பது எது என்று கேட்டால் எனக்கு அந்த ராத்திரியும் அந்த நோட்டும்தான் கண்முன் வருகின்றன. தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடிகிறது, அடுத்த தடவை திருத்த முடிகிறது. ஆபீஸில் செய்யும் வேலையில் அந்தத் திருப்தி எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

அமெரிக்காவில் இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அங்கே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது போன பிறகும் வீட்டில் பீர் செய்வது சட்டப்படி குற்றமாகவே நீடித்தது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அனுமதித்தது. பெரியவர்கள் இரண்டு பேர் உள்ள வீட்டில் வருடத்துக்கு 200 காலன், கிட்டத்தட்ட 750 லிட்டர். விற்கக் கூடாது. அதே 1978இல் உங்கள் மகனின் டென்வருக்குப் பக்கத்து ஊரான போல்டரில், வீட்டில் பீர் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சார்லி பப்பாஸியன் என்பவர் நண்பர் ஒருவரோடு சேர்ந்து வீட்டு பீர்க்காரர்களுக்கு ஒரு சங்கமே தொடங்கினார். அந்தக் காலத்தில் நாடு முழுக்கக் கடையில் கிடைத்ததெல்லாம் அநேகமாக ஒரே ருசியுள்ள லேசான பீர். வேறு ருசி வேண்டுமென்றால் தானே செய்தால்தான் உண்டு. கலிபோர்னியாவில் கென் கிராஸ்மன் 1976இல் வீட்டு பீருக்கான சாமான் கடை வைத்து, 1980இல் சியரா நெவாடா என்ற ஆலையைத் தொடங்கியது இந்த வழியில்தான். இன்று அந்தக் காரணம் இல்லை. கடைகளில் எல்லா ருசியும் கிடைக்கிறது. ஆனாலும் பல லட்சம் பேர் வீட்டில் செய்கிறார்கள். நாள் முழுக்க உழைத்து, பாதி நேரம் பாத்திரம் கழுவி. செலவும் மிச்சமாவதில்லை. குடிப்பது மட்டும் நோக்கமாக இருந்தால் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

கொடுப்பதும் ஒரு பெரிய காரணம். இருபது லிட்டர் செய்தால் அறுபது சின்ன பாட்டில் வரும். ஒருவர் குடித்துத் தீர்க்கிற அளவு இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது குன்னூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா நவம்பரில் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் போட்டு மூடிவைப்பார். கிறிஸ்துமஸ் அன்று கேக்கோடு ஒவ்வொரு வீட்டுக்கும் சின்ன கண்ணாடி டம்ளரில் வரும். அவர் குடித்து நான் பார்த்ததில்லை. வாங்கிக் குடிக்கிறவர்களின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இனி அந்த 'பெரும்பாலும்'.

செய்கிறவன் ருசி பார்க்காமல் இருக்க முடியாது. ருசிதான் அவனுக்குப் பரீட்சை. வெண்ணெய் வாசம் வந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை, பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் அவசரம், வாழைப்பழ வாசம் சில வகைகளில் நல்லது, சிலவற்றில் தப்பு. இதெல்லாம் வாயில் வைத்தால்தான் தெரியும். ஆகவே உங்கள் மகன் 'குடிக்கிறதுக்கு இல்ல' என்று சொன்னது முழுசாகச் சரியில்லை. குடிப்பதும் அதில் உண்டு. வீட்டில் எப்போதும் ஐம்பது பாட்டில் இருக்கிறது என்பதும் உண்மை. செய்முறை தெரிந்தவனின் ஈரலுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. லீட்ஸில் நண்பனோடு சேர்ந்து செய்த மூன்று பேரில் ஒருவர் முதலில் காலை எட்டு மணிக்கே வந்து பானை தேய்ப்பார். அப்புறம் மத்தியானம் வந்தார். நான் கிளம்பும் சமயத்தில் ராத்திரிதான் வந்துகொண்டிருந்தார். நோட்டில் அவர் கையெழுத்து வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. அவருக்கு உதவி தேவைப்பட்டது. நாங்கள் யாரும் அதைச் சமயத்தில் கேட்கவில்லை. அது இன்றும் எனக்கு வருத்தம்.

உங்கள் அப்பாவைப் பார்த்து வளர்ந்த கண் உங்களுடையது. அந்தக் கண்ணுக்கு இது பிடிபடும். போனில் பேசும்போது அவன் எதைப் பற்றிப் பேசுகிறான் என்று கவனியுங்கள். போன தடவை எது தப்பாகப் போனது என்று சொல்கிறானா? செய்ததை யாருக்கெல்லாம் கொடுத்தான்? செய்யாத வாரங்களில் எப்படி இருக்கிறான்? உங்கள் அப்பாவின் கதையை அவனிடம் முழுசாகச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் சொல்லுங்கள். திட்டுவதற்காக இல்லை. குடும்பத்தில் குடிநோய் இருந்தால் அடுத்த தலைமுறைக்கும் அந்த ஆபத்து கூடுதல் என்பது மருத்துவம் சொல்வது. ஆல்கஹாலை அளந்து நோட்டில் எழுதுகிற பையனுக்குத் தன் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

லீவில் ஊருக்கு வரும்போது இங்கே செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் மது செய்வது குற்றம். வீட்டுக்காகச் செய்தேன் என்றாலும் அப்படித்தான்.

அவனிடம் என்ன பேசட்டும் என்று கேட்டிருந்தீர்கள். பருப்பிலிருந்து ஆரம்பியுங்கள். டென்வர் சுமார் 1,600 மீட்டர் உயரம், கோத்தகிரி சுமார் 1,800. அங்கேயும் தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. பீருக்குக் கசப்பு தருவது ஹாப்ஸ் என்ற பூ. அந்தக் கசப்பு கொதியில்தான் இறங்கும். சூடு குறைந்தால் இறங்குவதும் குறையும். சமவெளிக்காரர்கள் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு மலையில் செய்தால் கசப்பு போதாது. இதை அவன் எப்படிச் சமாளிக்கிறான் என்று கேளுங்கள். மலையில் நாற்பது வருடம் சமைத்தவர் கேட்கிற கேள்வி இது, அரைமணி நேரம் பேசுவான்.

அடுத்த முறை அங்கே போனால் ஒரு சனிக்கிழமை காலையிலிருந்தே அவனோடு இருங்கள். ஹாப்ஸும் ஈஸ்ட்டும் போடுவதற்கு முன்னால் பானையிலிருந்து ஒரு டம்ளர் சாறு கேட்டு வாங்கிக் குடியுங்கள். பயப்பட வேண்டாம், அதில் போதை கிடையாது. சூடாக, தித்திப்பாக, ராகி மால்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ருசி இருக்கும்.

அன்புடன்