பக்கப் பலகை உளுத்துட்டா பாலமே போச்சா?

அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல பழைய வீடு வாங்கின ஒருத்தர் கேட்டிருக்கார்: "வீட்டுக்குப் போற வழியில ஓடைமேல கூரை போட்ட மரப்பாலம், உள்பக்கம் குறுக்குநெடுக்கா பலகை அடிச்சது. வெளிப் பலகை உளுத்திருக்கு. மொத்தமா பிரிச்சுட்டு ஸ்டீல் போடலாம், பழைய மரத்த நானே எடுத்துக்குறேன்னு கான்ட்ராக்டர் சொல்றார். சரியா?"

மொதல்ல எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க. அந்தக் கூரையும் வெளிப் பலகையும் பாலத்துக்கு ரெயின்கோட்டு மாதிரி, கோட்டு கிழிஞ்சா ஆளையா மாத்துவாங்க? எடையத் தாங்குறது உள்ள இருக்குற அந்தக் குறுக்குப் பின்னல்தான். இத்தியல் டவுன்னு ஒருத்தர் 1820-ல பேட்டன்ட் வாங்கினது, சாதா தச்சரே மர ஆணி அடிச்சுக் கட்டிடலாம், அப்ப அவருக்குப் பாலத்து நீளத்துல அடிக்கு ஒரு டாலர் கட்டணும், கேக்காம கட்டினா ரெண்டு டாலர், அப்பவே வசூல்தான்! அதே பின்னல் வகைல 1866-ல உங்க வெர்மான்ட் எல்லைல கட்டின கார்னிஷ்-வின்ட்சர் பாலம் 449 அடி நீளம், இன்னைக்கும் அதுமேல கார் போகுது.

டார்ச்சும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கிட்டு ரெண்டு முனைக்கும் கீழ போங்க. கல்சுவர்மேல, பாலத்துக்கு அடில படுத்திருக்குற கட்டைய குத்திப் பாருங்க. ரோட்டு மண்ணும் இலையும் அங்கதான் சேரும், ஈரம் காயாது. பழைய மரத்த மாத்தாதீங்கன்னு தொண்டை கிழிய கத்துற நானே இந்த ஒரு கட்டைய மட்டும் கண்ண மூடிக்கிட்டு மாத்தச் சொல்வேன், ஏன்னா அது மேல இருக்குற மரத்துக்குப் பதிலா தான் உளுத்துப்போகட்டும்னு வச்சதே, ஜாக்கி வச்சுப் பாலத்தத் தூக்கி புதுசு சொருகிடலாம், அதுக்காகப் பாலத்தப் பிரிக்க வேணாம், அது உளுத்திருந்தா பயப்படவும் வேணாம்.

இப்ப உங்க கான்ட்ராக்டர். அவருக்கு லாபம் ஸ்டீல்ல இல்ல, பழைய மரத்துல. ரெஸ்டாரன்ட் சுவத்துக்கு ஒட்ட நல்ல வெலைக்குப் போகுது. இன்னொரு கூட்டம் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிக்குறேன்னு வரும், ஈரம் உள்ளயே மாட்டி மரம் சீக்கிரம் போயிடும், விரட்டி விடுங்க.

அரசாங்கத்த நம்பி உக்காராதீங்க. இந்த மாதிரி பாலத்துக்கு நிதின்னு 1998-ல சட்டம் போட்டாங்க, மாநிலங்க வழியா சுத்தி வர்ற பணம், நடுவுல பல வருஷம் நின்னே போச்சு. வரலாற்றுச் சின்னங்களோட தேசியப் பதிவேட்டுல பாலத்துப் பேர் சேத்தாலும் சொந்தக்காரர் தன் காசுல இடிக்கறத அது தடுக்காது, அப்புறம் என்னத்துக்கு பதிவேடு! ஆனா ஓடைல கை வைக்க மட்டும் பர்மிஷன் கேப்பாங்க, மொதல்ல அத வாங்கிடுங்க.

ஸ்க்ரூடிரைவர் உள்ள எறங்குன எடத்த போட்டோ எடுத்து அனுப்புங்க, அளவு தெரிய பக்கத்துல ஒரு காசு வைங்க.